41ஆம் பக்கத்தைப் படித்தவர் யார்?

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இத்திங்கள் கூட்டத்தில் 'தலைப்புக் கலை' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்துவிட்ட நமக்குக் கலை பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். கலையைப் பற்றி நாம் அறியோம். ஆனால் தலைப்பைத் தவறாக இட்டால் என்ன நேரும் என்பதை அறிவோம். அப்பிழையை நாம் இருமுறை செய்திருக்கிறோம். ஒருமுறை அலுவலகத்தில், மற்றொருமுறை இதே சங்கத்தில். அந்தத் தகுதி ஒன்றைக்கொண்டே உங்கள் முன் நிற்கிறோம்.

செயலாளர் தந்த தலைப்பை நாம் மாற்றிவிட்டமைக்கு அவர்கள் பொறுத்தருள வேண்டும். 'தலைப்புக் கலை' என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தால் வழக்கமாக வருகின்ற பதினைந்து பேரே வந்திருப்பர். '41ஆம் பக்கத்தைப் படித்தவர் யார்?' என்று எழுதியதால் இன்று நாற்காலி போதாமல் பள்ளியிலிருந்து பெஞ்சு கொண்டுவர நேர்ந்தது. வினாவைத் தலைப்பாக வைத்தவர் விடை கூறக் கடமைப்பட்டவர். விடையை இறுதியில் கூறுவோம். கூறாமல் அமர்ந்தால் எங்களை மீண்டும் எழுப்பி நிறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முதற் பிழையைச் சொல்கிறோம். பல்லாண்டுகட்கு முன், வேறோர் ஊரில், நாம் புதிதாய்ப் பணியில் சேர்ந்திருந்த காலம். அலுவலகத்திற்கு வரும் கடிதங்களை வரவுப் பதிவேட்டில் ஏற்றுவது நம் வேலை. எண், நாள், அனுப்பியவர், பொருள் என்று அப்பதிவேட்டில் கட்டங்கள் உண்டு. ஒருநாள் மாலை, அலுவலகம் மூடும் வேளையில், ஒரு கடிதம் வந்தது. இரண்டு பக்கம். யாரோ ஒருவரைக்கொண்டு இந்தியில் எழுதுவித்தது, கீழே கைநாட்டு. முதற்பத்தி முழுவதும் வணக்கமும் வாழ்த்துமே. அதற்குமேல் நாம் படிக்கவில்லை. பொருள் என்னும் கட்டத்தில் 'விண்ணப்பம்' என்று எழுதி, 'விவித்' என்னும் கோப்பில் சேர்த்தோம். 'விவித்' என்றால் பலவகை என்று பொருள். எந்த அலுவலகத்திலும் அப்பெயருடைய கோப்பே மிகப் பருத்திருக்கும். எவரும் திறவாத கோப்பும் அதுவே.

அக்கடிதத்தை எழுதுவித்தவர், பணியில் இருக்கும்போதே இறந்துபோன ஒரு கேங்மேனின் மனைவி. குடும்ப ஓய்வூதியம் தமக்கு வரவில்லை என்னும் செய்தி மூன்றாம் பத்தியில் இருந்தது. மூத்த மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தேநீர்க் கடையில் வேலைக்கு விட்டிருக்கிறார் என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. 11 திங்கள் அக்கடிதம் 'விவித்'தில் கிடந்தது. பிறகு மாற்றலாகி வந்த கண்காணிப்பாளர் ஒருவர் பழங்கோப்புகளைக் குடைகின்ற வழக்கமுடையவர். அவர் அதனைக் கண்டெடுத்தார். புதுக் கோப்பு அட்டை ஒன்றில், இறந்தவரின் பெயரையும், 'குடும்ப ஓய்வூதியம், 11 திங்களாக நிலுவை' என்னும் சொற்களையும் தம் கையாலேயே எழுதி மேலதிகாரியின் மேசையில் வைத்தார். கடிதத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை; தலைப்பு ஒன்றே மாறியது. ஒன்பதாம் நாள் கோப்பு கணக்குப் பிரிவுக்குச் சென்றுவிட்டது. கண்காணிப்பாளர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "இதை நீ படித்தாயா?" என்று மட்டும் கேட்டார். அச்சிறுவன் பள்ளிக்குத் திரும்பினானா என்பதை நாம் பின்னர் அறியக்கூடவில்லை.

அன்று முதல் எதைக் கண்டாலும் அதன் பெயர் என்ன, அப்பெயர் அதற்குள் இருப்பதைச் சொல்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மைப் பற்றிக்கொண்டது. நாள்தோறும் நம்முன் ஓடும் வண்டிகளையே பாருங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்திலக்க எண் ஒன்று உண்டு. எண் கணினிக்கும் எம்போன்ற எழுத்தருக்கும் உரியது. பயணியோ பெயரையே சொல்கிறார். முத்துநகர் என்றால் தூத்துக்குடி; மலைக்கோட்டை என்றால் திருச்சிராப்பள்ளி; பொதிகை என்றால் செங்கோட்டை. 1977இல் ஓடத் தொடங்கிய வைகை மதுரைக்குச் செல்வது என்று எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரின் பெயரைச் சொல்லாமலே ஊரைக் காட்டிவிடுகின்ற பெயர்கள் இவை. எப்படிக் காட்டுகின்றன? அவ்வூருக்கே உரிய ஒரு பொருளை, முத்தையோ மலையையோ ஆற்றையோ எடுத்து முன்னே வைக்கின்றன. எல்லா வண்டிகட்கும் 'சிறப்பு விரைவு வண்டி' என்றே பெயரிட்டிருந்தால் மூட்டை முடிச்சுகளோடு எந்த மேடைக்கு ஓடுவது?

நம் சங்க மலர்களில் பல ஆண்டுகளாக நாம் செய்துவருவது அதுவே. நூலக அலமாரியில் உள்ள பழைய மலர்களை எடுத்துப் பொருளடக்கத்தை மட்டும் படித்துப் பார்த்தோம். 'சில சிந்தனைகள்', 'ஒரு கண்ணோட்டம்', 'அன்றும் இன்றும்', 'வாழ்க்கைப் பாதை', 'எண்ண அலைகள்'. ஒரே மலரில் 'தமிழின் இனிமை' என்னும் தலைப்பில் மூன்று கட்டுரைகள்! எழுதியவர் மூவரும் இன்று இவ்வவையில் இருக்கிறார்கள். சினம் கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறோம். அம்மூன்றையும் நாம் படித்தோம். ஒன்று, கடைத்தெருவில் ஓர் இந்திக்காரக் காய்கறி வணிகர் தமிழ்ப் பெண்களிடம் தமிழ் எண்களைக் கற்றுக்கொண்ட கதை. மற்றொன்று, தாலாட்டுப் பற்றியது. மூன்றாவது இலக்கணம். உள்ளே மூன்று வேறு வேறு ஊர்கள்; வெளியே ஒரே பெயர்ப்பலகை. காய்கறி வணிகரின் கதைக்கு 'முக்கால் கிலோ' என்று பெயரிட்டிருந்தால் அதனைப் படிக்காமல் புரட்டியவர் எவரேனும் இருந்திருப்பரா?

ஆங்கில நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் விளம்பரத் தொழில் நடத்திய டேவிட் ஓகில்வி என்பவர், 1963இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு கணக்கைச் சொல்கிறார். விளம்பரத்தின் தலைப்பைப் படிப்பவர் தொகை, அதன் உட்பகுதியைப் படிப்பவர் தொகையைப்போல் ஐந்து மடங்கு என்பது அக்கணக்கு. அவர் ரோல்ஸ் ராய்ஸ் மோட்டார் வண்டிக்கு எழுதிய தலைப்பு அத்துறையினர் இன்றும் எடுத்துக்காட்டும் ஒன்று. மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும்போது அவ்வண்டியினுள் கேட்கும் மிகப் பெரிய ஓசை அதிலுள்ள மின்கடிகாரத்தின் ஓசையே என்பது அதன் கருத்து. 'ஒப்பற்ற வண்டி', 'அமைதியின் உறைவிடம்' என்றெல்லாம் அவர் எழுதவில்லை. ஒரு வேகம், ஒரு கடிகாரம். படிப்பவரின் காதில் அந்த டிக் டிக் ஓசை கேட்டுவிடுகிறது. நம் வண்டிகளில் அமர்ந்து கடிகார ஓசையைக் கேட்க முயல வேண்டா என்று கேட்டுக்கொள்கிறோம்.

மேல்நாட்டாரை ஏன் தேடவேண்டும்? நம் முன்னோரே இதனை நன்கு அறிந்திருந்தனர். பதிற்றுப்பத்தில் இன்று நமக்குக் கிடைத்துள்ளவை 80 பாடல்கள். பாட்டு ஒவ்வொன்றிற்கும் பெயர் உண்டு. அப்பெயர் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதன்று. அப்பாட்டினுள் வரும் அரிய சொற்றொடர் ஒன்றே எடுக்கப்பட்டுப் பெயராயிற்று. 'புண்ணுமிழ் குருதி' என்பது அத்தகைய பெயர்களுள் ஒன்று. 'சேரனின் வீரம்' என்று பெயரிட்டிருந்தால் எல்லாப் பாட்டிற்கும் அதுவே பொருந்தியிருக்கும். பாட்டுக்கு மட்டுமா? பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோனபோது அவர் பாட்டிலிருந்தே அவருக்குப் பெயர் கொடுத்தனர். செம்புலப்பெயனீரார், குப்பைக் கோழியார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார். எத்துணை இனிய பெயர்கள்! பெயரைக் கேட்டவுடன், குப்பைக் கோழிக்கும் காதலுக்கும் என்ன தொடர்பு என்று பாட்டைத் தேடிப் போகிறோம். இரண்டாயிரம் ஆண்டுகளின் வாயிலில் அச்சிறு கோழி நின்று நம்மை அழைக்கிறது.

பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை என்னும் பெயரையும் எண்ணிப் பாருங்கள். வாடை என்பது குளிர்ந்த வடகாற்று. அது நெடியதாகவும் நல்லதாகவும் ஒருங்கே இருத்தல் எங்ஙனம்? தலைவனைப் பிரிந்து அரண்மனையில் வருந்தும் அரசிக்கு அவ்வாடை நீண்டுகொண்டே போவது. பாசறையில் வினைமேற் சென்றிருக்கும் அரசனுக்கு அது நன்மை பயப்பது. இருவர்க்கு இடையே உள்ள தொலைவு முழுவதையும் இரண்டு அடைமொழிகள் அளந்துவிடுகின்றன. பாட்டு 188 அடி. பெயர் ஒரே சொல். நமக்குக் குடும்பம் ஊரிலும் பணி இங்குமாக இருந்த ஆண்டுகளில் இப்பெயரின் பொருள் உரையின்றியே விளங்கிற்று.

இக்காலத்தாரைப் பார்ப்போம். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய சிறுகதைக்குக் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்று பெயர். கடவுளைப் பற்றி ஆயிரம் நூல்கள் உண்டு. கந்தசாமிப் பிள்ளைகள் தெருவுக்கு நால்வர் உண்டு. இருவரையும் ஒரே வரியில் ஓர் 'உம்'மைகொண்டு சமமாக நிறுத்தியதும், இவர்கள் எங்கே சந்தித்தார்கள், யார் யாரை ஏமாற்றினார் என்று மனம் கேட்கிறது. ஜெயகாந்தனின் புகழ்பெற்ற நாவல் வார இதழில் தொடராக வந்தபோது 'காலங்கள் மாறும்' என்ற பெயரோடு வந்தது. நூலானபோது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆயிற்று. 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றதும் அந்நூலே. 'காலங்கள் மாறும்' என்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதை எந்தக் கதைக்கும் சூட்டலாம். நம் சங்க மலரில்கூட இரண்டு கட்டுரைகட்குச் சூட்டியிருக்கிறோம். மற்றத் தலைப்போ, சொல்லாமல் எதையோ நிறுத்திவைத்திருக்கிறது. எந்த நேரம்? எந்த மனிதர்?

இங்கே நம் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்வூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழைச் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்கிறார்கள். நம் மகளும் அவ்வாறே. எட்டு வயதில் ஒருநாள் அலமாரியில் இருந்த ஒரு நூலின் முதுகைப் பார்த்து, "அம்... மா... வந்... தாள்" என்று கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் திரும்பிப் பார்த்து, "அப்பா, அம்மா எங்கே போயிருந்தாள்?" என்றாள். தி. ஜானகிராமன் 1966இல் எழுதிய நாவல் அது. சிறுமிக்கு உரிய கதையன்று. அது வேறு செய்தி. ஆனால் இரண்டே சொல்லில், ஒரு வினைமுற்றில், எட்டு வயதுக் குழந்தையை அவ்வாசிரியர் கேள்வி கேட்க வைத்துவிட்டார். வந்தாள் என்றால் போயிருந்தாள் என்று பொருள். எங்கே, ஏன் என்று அறியாமல் இருக்க முடியாது. 'தாய்மை' என்று பெயரிட்டிருந்தால் அவள் கூட்டிப் படித்துவிட்டு விளையாடப் போயிருப்பாள்.

நம்மைப் போன்ற வெளியூர்ச் சங்கங்கட்கு இது சிறு செய்தி அன்று. நம் மலரைக் கையில் எடுக்கும் இளையோருள் பலர் தலைப்புகளை மட்டுமே படிக்கிறார்கள். அதற்கே அவர்கட்கு மூச்சு வாங்குகிறது. 'புலம்பெயர்ந்தோர் பண்பாட்டுப் பேணுகையில் மொழியின் இன்றியமையாமை' என்று அவர்கள் முன் நீட்டினால், 'இன்றியமையாமை'யை அடையுமுன் மலரை மூடிவிடுவர். மூடிய குழந்தை அடுத்த ஆண்டு திறப்பதில்லை.

இனி, இழுக்க வேண்டும் என்ற ஆவலில் சிலர் செய்யும் கொடுமையையும் சொல்ல வேண்டும். கைப்பேசியைத் திறந்தால் இன்று என்ன காண்கிறோம்? 'இதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் தெரியுமா?', 'நடிகர் எடுத்த அதிர்ச்சி முடிவு!', 'இரயில் பயணிகளுக்கு ஓர் இடி!' கடைசியாகச் சொன்னதைத் திறந்து படித்தவர்கள் நம்மிடம் பதறி ஓடிவந்தனர். உள்ளே இருந்தது, ஒரு வண்டி பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படும் என்னும் செய்தி! இத்தலைப்புகளை எழுதுவோர் ஒரு வகையில் திறமையுடையவரே. ஆனால் பொய்ப் பலகை மாட்டி ஏற்றிய பயணியை மறுமுறை எந்த வண்டியிலும் ஏற்ற முடியாது. நாளிதழ்களுள் 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, பெரிய எழுத்தில் எளிய சொல்லில் தலைப்பிட்டுத் தேநீர்க் கடைகளில் தமிழ் படிப்போர் கூட்டத்தைப் பெருக்கிற்று. எளிமை வேறு, ஏமாற்று வேறு. வினாக்குறி, வியப்புக்குறி, மூன்று புள்ளி, இவற்றைக் கண்டால் நாம் சற்று விலகியே நிற்கிறோம். இன்றைய நம் தலைப்பிலும் வினாக்குறி உண்டு என்பதை மறக்கவில்லை.

செய்தித் தலைப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. இடம் குறுகியது, ஆகவே சொற்களைச் சுருக்குகிறார்கள். தமிழில் கண்ணை மூடிக்கொண்டு சுருக்கினால் பொருள் கவிழ்ந்துவிடும். 'ஆசிரியரை அடித்த மாணவன் ஓட்டம்' என்பதில் உள்ள ஐகாரத்தை இடம் போதவில்லை என்று எடுத்துப் பாருங்கள். 'ஆசிரியர் அடித்த மாணவன் ஓட்டம்.' அடித்தவன் அடிபட்டவன் ஆகிவிட்டான். ஓரெழுத்தில் ஒருவன் குற்றவாளியாகிறான், அல்லது குற்றத்தினின்று தப்புகிறான். தலைப்பில் வேற்றுமையுருபைத் தொடுமுன் இருமுறை எண்ண வேண்டும் என்பது நாம் மெய்ப்புத் திருத்தும்போது கற்ற பாடம்.

எல்லாத் தலைப்பும் ஆவலைத் தூண்ட வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. திருக்குறளில் 133 அதிகாரங்கள். கல்வி, நட்பு, இனியவை கூறல் என்று பெயர்கள் நேராக இருக்கின்றன. வேண்டும்போது வேண்டிய இடத்தைத் திறந்து பார்க்கும் நூலுக்கு அதுவே தகும். இரயில்வே விதிநூலில் 'விடுப்பு விதிகள்' என்னும் அதிகாரத்திற்கு 'ஓய்வின் இனிமை' என்று எவரேனும் பெயர் சூட்டினால், விடுப்புக் கேட்கும் தொழிலாளி எங்கே தேடுவார்? தேடி வருபவருக்கு நேரான பெயர். தேடாமல் கடந்து போகிறவரைத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. மலரில் எழுதுகின்ற நாம் அவருக்கே எழுதுகிறோம்.

நிறுத்துவது எப்படி? நாம் கைக்கொள்ளும் முறை மிக எளியது. கட்டுரையை எழுதி முடிக்கும்வரை தலைப்பு இடுவதில்லை. முடித்தபின் ஓரிரு நாள் வைத்திருந்து, உரக்கப் படிக்கிறோம். இதில் எந்த ஒரு வரியை இன்றிரவு உணவு உண்ணும்போது வீட்டாரிடம் சொல்வோம் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்த வரியில்தான் தலைப்பு ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் அது முதற்பக்கத்தில் இராது. எழுதுகிறவர் கூச்சத்தோடு, ஏதோ போகிறபோக்கில், மூன்றாம் பத்தியிலோ இரண்டாம் பக்கத்திலோ அதனைச் சொல்லியிருப்பார். அந்தக் கைம்பெண்ணின் கடிதத்தைப்போல. அதனை வெளியே எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படிக்கும்படி நறுக்கி, மேலே வைக்கிறோம். பிறகு ஒரு சோதனை. இதே தலைப்பை இதே மலரில் உள்ள வேறொரு கட்டுரைக்குச் சூட்ட முடியுமா? முடியும் என்றால் அடித்துவிட்டு மீண்டும் தேடுகிறோம். சில நாள் தேடியும் அகப்படாததுண்டு. அப்போது ஐயம் தலைப்பைவிட்டுக் கட்டுரையின்மேல் செல்கிறது. சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் எழுதிவிட்டோமோ என்று பார்க்கிறோம். நம் கட்டுரைகளுள் இரண்டு அவ்வாறு அலமாரியிலேயே தங்கிவிட்டன, மலர் பிழைத்தது.

இம்முறையைப் பிறர் கட்டுரைக்கும் நாம் கைக்கொண்டிருந்தால் இரண்டாம் பிழை நேர்ந்திராது. அதற்கு வருகிறோம்.

சென்ற ஆண்டு மலர்க் குழுவில் நாமும் இருந்தோம். இரயில் எஞ்சின் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர், இரண்டு பக்க அளவில் ஒரு கட்டுரை தந்தார்கள். அவர்கள் எழுதிய முதற் கட்டுரை அதுவே. தலைப்பு இல்லை. "தம்பி, நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். மறுநாள் காலை அச்சகத்திற்குத் தர வேண்டும். முதல் நான்கு வரியைப் பார்த்தோம். 1974 என்று இருந்தது. பழைய நினைவு என்று கொண்டோம். 'மலரும் நினைவுகள்' என்று எழுதி அனுப்பினோம். அது 41ஆம் பக்கத்தில் வந்தது. மெய்ப்பையும் நாமே திருத்தினோம். மெய்ப்புத் திருத்துதல் என்பது எழுத்தைப் பார்ப்பது, படிப்பது ஆகாது.

நான்கு திங்கள் கழித்துச் சந்தா பெறுவதற்காக அவர்கள் இல்லம் சென்றோம். தேநீர் தந்தார்கள். சற்று நேரம் கழித்து, "தம்பி, என் கட்டுரையை யாராவது படித்தார்களா?" என்று கேட்டார்கள். "எல்லோரும் படித்தார்கள் ஐயா, மிக நன்றாக இருக்கிறது என்றார்கள்" என்று நாம் கூறினோம். அவர்கள் முகம் மலர்ந்தது. பிறகு, "அப்படியானால் அந்த அம்மா பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லையா? அதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்கள். எந்த அம்மா என்று நமக்குத் தெரியவில்லை. தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் புரிந்துகொண்டார்கள் என்றே நினைக்கிறோம். வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

அன்றிரவு 41ஆம் பக்கத்தைப் படித்தோம்.

1974ஆம் ஆண்டு மே 8 முதல் 27 வரை இந்தியா முழுவதும் இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்ததை மூத்தோர் அறிவர். ஏறத்தாழ 17 இலட்சம் பேர் ஈடுபட்டனர். பல்லாயிரவர் சிறை சென்றனர். குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. நம் பெரியவருக்கு அப்போது 28 வயது. கைதுக்கு அஞ்சித் தலைமறைவாக இருந்தார்கள். மனைவியும் இரண்டு கைக்குழந்தைகளும் குடியிருப்பில். மளிகைக் கடைக்காரர் கடன் தர மறுத்துவிட்டார். கையில் இருந்த அரிசியைச் சமைக்கவும் அச்சம். கரி அடுப்பை மூட்டினால் புகை எழும், புகையைக் கண்டால் ஆள் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று காவலர் வருவர். அடுத்த வீட்டில் இருந்தவர் ஒரு மராட்டிய அம்மையார். அவர் கணவர் வேலைநிறுத்தத்தில் சேராமல் நாள்தோறும் பணிக்குச் சென்றவர். அதனால் இரு வீட்டு ஆடவரும் பேசிக்கொள்வதில்லை. அந்த அம்மையார் முதல்நாள் மாலையே பின்வாசல் வழியாக வந்து, ஒன்றும் சொல்லாமல், அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு போனார். சோறாக்கித் திருப்பிக் கொண்டுவந்தார். 20 நாளும் இதே நடந்தது. அரிசி தீர்ந்த பிறகும் பானை போயிற்று, நிறைந்து வந்தது. கட்டுரையின் கடைசிக்கு முந்திய பத்தியில் பெரியவர், அந்த 20 நாளும் தம் வீட்டு அடுப்பு அடுத்த வீட்டில் எரிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அவர் பெயரை மட்டும் கட்டுரையில் எழுதவில்லை.

மறுநாள் விடியற்காலையிலேயே அவர்கள் இல்லம் சென்று, நாம் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டோம். பிறகு, "அந்த அம்மா பெயர் என்ன ஐயா?" என்று கேட்டோம். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. "தெரியாது தம்பி. ஆயி என்றுதான் கூப்பிட்டோம். அவர்கள் மொழியில் அம்மா என்று பொருள். பெயரைக் கேட்க வேண்டும் என்று அன்று தோன்றவில்லை. யாராவது என்னைக் கேட்டால், இதைச் சொல்லி வெட்கப்படலாம் என்று காத்திருந்தேன்" என்றார்கள்.

ஆகவே, அன்பர்களே, அறிவிப்புப் பலகையில் எழுதிய வினாவிற்கு விடை இது. 41ஆம் பக்கத்தை எழுதியவர் படித்தார், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் ஒருவேளை படித்திருக்கலாம், தலைப்பிட்டவர் படிக்கவில்லை. பெரியவர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். கட்டுரைக்குப் புதுத் தலைப்பு ஒன்று வேண்டும் என்று நாம் கேட்டபோது, 'அடுத்த வீட்டில் எரிந்த அடுப்பு' என்று நாம் ஒன்றைச் சொன்னோம். அவர்கள் தலையசைத்துவிட்டு, "அது உங்கள் தலைப்பு தம்பி. 'ஆயி வீட்டு அடுப்பு' என்று போடுங்கள்" என்றார்கள். நம்முடையதைவிட அது சிறந்தது. நம் மகள் ஒரே மூச்சில் படித்துவிட்டாள்.

மலர்க் குழுவினர் இசைந்தால் அத்தலைப்போடு இவ்வாண்டு மலரில் அக்கட்டுரையை மீண்டும் அச்சிடலாம். அதுவரை காத்திருக்க விரும்பாதவர்கட்குச் சென்ற ஆண்டு மலர் நம் நூலகத்தில், சன்னலோரத்து அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. இருபது படிகள் உள்ளன. நூலகத்தை இன்று இரவு ஒன்பது மணிவரை திறந்து வைத்திருக்கச் செயலாளர் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.